சார் வரையாத வீடு

போன தை மாதம் எங்கள் டிராயிங் சார் தவறிப்போனார். பள்ளிக்கூடத்தில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு நான் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறிப் போயிருந்தேன். பேசியவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: தாமிரபரணிக் கரையை உள்ளது உள்ளபடி வரைந்தவர். தலைமையாசிரியை சொன்னார், தாளாளர் சொன்னார், சாரின் படம் ஒன்றைக்கூடப் பார்த்திராத பஞ்சாயத்துத் தலைவரும் சொன்னார். மூன்றாவது தடவை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் இருந்த சயன்ஸ் டீச்சர் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

உள்ளதை உள்ளபடி வரைவது சாருக்கு ஆகவே ஆகாது. உலகத்தில் எது எது இருக்கலாம், எது எது இருக்கக் கூடாது என்று அவர் தனியாக ஒரு தீர்மானம் வைத்திருந்தார். கூடாதவை அவர் படத்தில் வராது. வெள்ளை அரைக்கைச் சட்டைதான் எப்போதும் போடுவார். முப்பது வருடம் வர்ணத்தோடு பழகியவர் சட்டையில் ஒரு பொட்டு வர்ணம் பட்டு நான் பார்த்ததில்லை. அதையும் எப்படியோ விட்டுவிடுவார்.

நான் அங்கே படித்த காலத்தில், திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்துக் கடற்கரைப் பக்கத்தைத் தூத்துக்குடியோடு சேர்த்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. புவியியல் டீச்சர் மாவட்டப் படம் கேட்டால் சார் பழைய மாவட்டத்தையே கடல் வரைக்கும் வரைந்து கொடுப்பார். ஒருநாள் எங்கள் வகுப்பு வாசலில் வைத்தே டீச்சர் கேட்டுவிட்டார்.

"சார், குலசேகரன்பட்டினம் இப்ப நம்ம ஜில்லாவுல இல்லல்லா?"

"யாரு சொன்னா?"

"கவருமெண்டு சொல்லுது சார்."

"சொல்லட்டும். போன தசராவுக்கு நான் அங்கன போயிட்டு வந்தேன் டீச்சர். போகும்போதும் பாத்தேன், வரும்போதும் பாத்தேன். எங்கனயும் கோடு கெடக்கக் காணலையே."

இன்ஸ்பெக்ஷன் வந்ததால் டீச்சரே பென்சிலால் புள்ளி வைத்து ஒரு எல்லை போட்டார். இன்ஸ்பெக்ஷன் முடிந்த மறுநாள் அந்தப் புள்ளிகள் இல்லை.

தாளாளரின் மூக்கில் உளுந்து அளவுக்கு ஒரு மச்சம் உண்டு. ஆண்டு விழாவுக்குச் சார் அவர் உருவத்தை வரைந்தபோது அதை விட்டுவிட்டார். தாளாளரின் வீட்டம்மா படத்தைப் பார்த்து, "இது யாரு? இவுக தம்பியா?" என்று கேட்டுவிட்டார்கள். அந்த மச்சம் வந்த பிறகுதான் பள்ளிக்கூடம் வந்தது என்று தாளாளருக்கு நம்பிக்கை. மச்சம் வைத்தே ஆக வேண்டும் என்று உத்தரவு போட்டார். சார் வைத்தார். இப்போதும் அந்தப் படம் ஹாலில் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தால் மச்சம் தெரியும்.

வாரத்தில் இரண்டு டிராயிங் வகுப்பு. அதில் ஒன்றைக் கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்வார். மற்றதில் நாங்கள் குடம் வரைவோம். மூன்று வருடமும் குடம்தான். ஏழாம் வகுப்பில் ஒருமுறை நான் குடத்தின் இடுப்பில் ஒரு நெளிசல் போட்டிருந்தேன். சார் குனிந்து பார்த்துவிட்டு ரப்பரை எடுத்தார்.

"இந்த நெளிசல் எதுக்குளா?"

"எங்க வீட்டுக் கொடத்துல இருக்கு சார்."

"உங்க வீட்டுல இருக்கும். படத்துல எதுக்கு?"

அழித்துவிட்டு அடுத்த பெஞ்சுக்குப் போனார். அவர் சொன்னது அந்த நெளிசலுக்கு மட்டும் சொன்னது அல்ல என்று எனக்கு அப்போதே தெரியும்.

எங்கள் வீடு முக்கூடலுக்கு மேற்கே, வாய்க்காலுக்கும் ஆற்றுக்கும் இடையில் இருந்தது. ஒரு காலத்தில் அந்தப் பக்கம் கண்ணுக்கு எட்டிய வயல் முழுவதும் சாரின் தாத்தாவுடையது. சாரின் அப்பா துண்டு துண்டாக விற்றார். கடைசித் துண்டில் ஐந்து சென்டை எங்கள் அப்பா வாங்கினார். பெரியவர் வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார், அப்பா கைநாட்டு வைத்தார். பதியவில்லை. அவ்வளவு பெரிய மனுஷர் எழுதிக் கொடுத்ததை ஆபீசில் போய்ப் பதியச் சொல்வது மரியாதையாக இருக்காது என்று அப்பா நினைத்தார்.

அப்பா கொத்தனார். ஊரில் பாதி வீடு அவர் கட்டியது. எங்கள் வீட்டை ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேலை செய்து கட்டினார். இரண்டு அறை, ஓட்டுக் கூரை, ரசமட்டம் வைத்துப் பார்த்துப் பார்த்து எழுப்பிய சுவர். எனக்கு ஐந்து வயது ஆகும்போது குடி புகுந்தோம்.

சனிக்கிழமை சாயங்காலம் சார் சைக்கிளில் வருவார். வாய்க்கால் கரையில் மடக்கு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஆற்றில் எடுத்த தண்ணீரில் வர்ணம் குழைத்து வரைய ஆரம்பிப்பார். அவருக்கு முன்னால் வயல், அதைத் தாண்டி எங்கள் வீடு, வீட்டுக்குப் பின்னால் ஆறு, தூரத்தில் பொதிகை. வேறு இடத்துக்கு அவர் போனதே இல்லை. நாங்கள் அங்கே வருவதற்கு முன்பிருந்தே அவர் அங்கேதான் உட்கார்வார் என்று சொல்வார்கள்.

"சாரு நம்ம வீட்டைல்லா வரையுதாரு" என்று அப்பா வேலைக்குப் போகும் இடமெல்லாம் சொல்லி வைத்திருந்தார். சனிக்கிழமை வந்தால் வீடு தயாராகும். அம்மா பீடி சுற்றுகிறவள். இலை நனைத்துக் கட்டிய சாக்கு மற்ற நாளெல்லாம் வாசலில் கிடக்கும், சனிக்கிழமை பின்பக்கம் போய்விடும். கொடியில் கிடக்கிற கிழிசல் துணிகளை எடுத்துவிட்டு, கல்யாணச் சேலையைத் தொங்கவிடுவாள். பொங்கலுக்கு வெள்ளை அடிக்கும்போது அப்பா அடியில் சுற்றிலும் நீலத்தில் ஒரு பட்டை அடிப்பார். படத்தில் எடுப்பாகத் தெரியுமாம்.

சார் நடுநடுவே ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டிக் கட்டை விரலை உயர்த்தி எங்கள் பக்கமாகப் பிடிப்பார்.

"ஏட்டி, சாரு கையக் காட்டுதாரு பாரு" என்பாள் அம்மா. அப்பா எழுந்து நின்று தானும் கையை உயர்த்திக் காட்டுவார். சார் தூரிகையை எடுத்துக்கொண்டு படத்தின் மேல் குனிந்துவிடுவார். வேலையில் இருக்கிறவரைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று அப்பா பைய உட்கார்ந்துகொள்வார். பிறகு அம்மா டீ போட்டுத் தருவாள், நான் வரப்பில் நடந்து கொண்டுபோய்க் கொடுப்பேன். சார் குடித்துவிட்டு, "உங்கம்மா டீ நல்லா இருக்குளா" என்று சொல்லி டம்ளரைத் தருவார். படத்தைக் காட்ட மாட்டார். நெஞ்சோடு சாய்த்து வைத்துக்கொள்வார்.

ஆறாம் வகுப்பில் சேர்ந்த முதல் வாரம் தலைமையாசிரியை அறைக்கு வருகைப் பதிவேடு கொண்டுபோனேன். சுவரில் சாரின் படம் மாட்டியிருந்தது. கீழே மூலையில் கையெழுத்தும் போன வருடத்துத் தேதியும். வயல் எங்கள் வயல். ஆறு, பனைமரம், மலை எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. எங்கள் வீடு இருக்க வேண்டிய இடத்தில் நாலு வாழை மரம் நின்றது.

வீடு எந்த இடத்தில் தொடங்கி எந்த இடத்தில் முடியுமோ, சரியாக அந்த அகலத்துக்கு வாழை. அந்தக் கட்டை விரல் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. அதை உயர்த்தினால் எங்கள் வீடு மறைந்துவிடும். மறைந்த இடத்தில் என்ன வைக்கலாம் என்று சார் யோசித்துக்கொண்டிருந்திருக்கிறார். அதற்குத்தான் எங்கள் அப்பா எழுந்து நின்று கையைக் காட்டியிருக்கிறார்.

வீட்டில் நான் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பள்ளிக்கூடத்திலிருந்து நான் கொண்டுவருவது எல்லாம் நல்ல செய்தியாகவே இருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு கௌரவம் இருந்தது. அம்மா சனிக்கிழமைகளில் கல்யாணச் சேலையைத் தொங்கவிட்டுக்கொண்டே இருந்தாள். நான் டீ கொண்டுபோய்க்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"சார், அந்தா அங்கன ஒரு வீடு இருக்குல்லா?"

"எங்கன?"

"வயலுக்கு அந்தப் பக்கம். நீலப் பட்டை அடிச்சது."

சார் நிமிர்ந்து, அப்போதுதான் பார்க்கிறவர் மாதிரி பார்த்தார். "ஆமா."

"அதை வரைய மாட்டீங்களா?"

"அது நேத்து வந்ததுளா. படம் அதுக்கு முந்தினது."

நேற்று வந்த வீட்டில் நாங்கள் ஒன்பது வருடமாக இருந்தோம். நான் டம்ளரை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த வாரமும் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் என்னிடம் அதற்காகக் கோபப்பட்டதும் இல்லை, வெட்கப்பட்டதும் இல்லை.

நான் பத்தாவது படித்தபோது, தொண்ணூற்றிரண்டு ஐப்பசிக் கடைசியில் ஆற்றில் அந்த வெள்ளம் வந்தது. கட்டின துணியோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, நான் படித்த வகுப்பறையிலேயே தங்கினோம். தண்ணீர் வடிந்து போய்ப் பார்த்தால் வீடு இல்லை. இடிந்து கிடக்கவும் இல்லை. அஸ்திவாரத்தையும் மூடி முழங்கால் உயரத்துக்கு மணல். அப்பா மணலைச் சுற்றி நடந்து, "அடுப்படி இங்கன வரும், இது வாசல்" என்று காலால் கோடு போட்டுக் காட்டினார்.

வீடு போனவர்களுக்கு மேட்டுப் பக்கம் புதுக் காலனியில் மனை கொடுப்பதாக அறிவித்தார்கள். கணக்கெடுக்கத் தாலுகா ஆபீசிலிருந்து ரெவின்யூ இன்ஸ்பெக்டர், ஆர்.ஐ., வந்தார். சின்ன வயசுக்காரர், கக்கத்தில் ஒரு பை. பாதி சுவர் நின்ற வீட்டையெல்லாம் எழுதிக்கொண்டு எங்கள் மணலுக்கு வந்ததும் பேனாவை மூடிவிட்டார்.

"இங்கன வீடு இருந்துச்சுன்னு எத வச்சிவே நான் எழுத?"

"பத்து வருசமா இருந்தோம்யா."

"ஒரு சுவரு நிக்கணும், இல்ல அஸ்திவாரமாவது தெரியணும். மணலைக் காட்டி வீடுங்கீரு. பத்திரம் எங்க?"

"வீட்டுக்குள்ளதான் இருந்துச்சு."

"ரசீது?"

"அதும் அங்கனதான்."

"நல்லா இருக்கு. ஒரு போட்டோவாவது இருக்கா?"

அப்பா முகம் மலர்ந்தது.

"போட்டோ எதுக்குய்யா? படமே இருக்கு! பள்ளிக்கூடத்து டிராயிங் சாரு வாரந் தவறாம இந்த வீட்டைத்தான் வரையுதாரு. ஊருல யாரை வேணும்னாலும் கேளுங்க."

"படமா?" ஆர்.ஐ. சிரித்தார். "சரி, அந்தச் சாரையும் கூட்டிட்டு வாரும். திங்கக்கெழம வாரேன். அன்னைக்கும் ஒண்ணும் இல்லன்னா வெத்திடம்னு எழுதிருவேன். அப்புறம் என்னைத் தேடி அலையக் கூடாது, கேட்டீரா."

சார் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான், "வேற ஏதாச்சும் பாப்பம்பா" என்று சொல்லிப் பார்த்தேன். "நீ சும்மா வாட்டி" என்றார் அப்பா.

சாரின் அறையில் சுவரோரமாகப் படங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்திருந்தன. அப்பா விஷயத்தைச் சொன்னார். சார் படங்களின் பக்கம் பார்த்தார். அப்பா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு, கையை வேட்டியில் துடைத்துவிட்டு முதல் படத்தைத் தூக்கினார்.

"இது வேற பக்கமாட்டு இருக்கு" என்று சொல்லி ஒதுக்கி வைத்தார். அடுத்ததைப் பார்த்து, "இதுல வாழை மறைக்கி" என்றார். அதற்கடுத்ததை வெளிச்சத்தில் பிடித்து, "இது வீடு கெட்டுததுக்கு முந்தினது போல" என்றார். அதில் எண்பத்தொன்பது என்று எழுத்தில் தேதி போட்டிருந்தது. அந்த அறையில் அதை வாசிக்கத் தெரிந்தது சாருக்கும் எனக்கும்தான். நாங்கள் இரண்டு பேருமே வாசிக்கவில்லை.

இருபது படமாவது பார்த்திருப்பார். கடைசிப் படத்தை வைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

"சார், பூச்சுல ஏதும் கொறையா? சொல்லிருந்தா சரி பண்ணிருப்பனே."

சார் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

"வெள்ளை கொஞ்சம் மங்கலோ?"

நான் அஞ்சு வருடம் மனசுக்குள் வைத்திருந்த வழக்கு அன்றைக்குத் தீர்ந்தது. சார் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். எப்போது அந்த அறையை விட்டு வெளியே போவோம் என்று இருந்தது.

"திங்கக்கெழம வாரேன்" என்றார் சார், திரும்பாமல்.

திங்கட்கிழமை காலையில் தலைமையாசிரியை அறைச் சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பிரேமைத் துடைக்க வேண்டும் என்று சனிக்கிழமையே சார் எடுத்துக்கொண்டு போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் லீவு சொல்லிவிட்டு மணலுக்கு ஓடினேன். அப்பாவும் அம்மாவும் ஆர்.ஐ.யும் நின்றார்கள். சார் சைக்கிளில் வந்து இறங்கி, துண்டில் சுற்றியிருந்த படத்தைப் பிரித்து ஸ்டூலின் மேல் நிறுத்தினார்.

வாழை மரங்கள் இல்லை. எங்கள் வீடு இருந்தது.

அந்த வீட்டில் பத்து வருடம் இருந்தவள் நான். நான் கவனிக்காததெல்லாம் அதில் இருந்தது. கூரையின் மூன்றாவது வரிசையில் புதிதாக மாற்றிய இரண்டு ஓடு மட்டும் சிவப்பாக இருந்தன. ஜன்னல் கம்பியில் ஒன்று லேசாக வளைந்திருந்தது. நிலைக்கு மேலே, இல்லவே இல்லை என்று அப்பா சாதித்த விரிசல் ஓடியது. வாசலில் அம்மா மடியில் பீடித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், பின்பக்கம் ஒளித்து வைக்கிற ஈரச் சாக்கு.

"ஏட்டி, நான் இப்பிடியா கூனிக்கிட்டு இருக்கேன்?" என்று அம்மா என் காதில் கேட்டாள்.

"விரிசல் இம்புட்டு இருக்காது சார்" என்றார் அப்பா.

ஆர்.ஐ. குனிந்து தேதியைப் பார்த்தார். பிறகு விரலை வீட்டின் மேல் வைத்துத் தடவினார். "எண்பத்தேழுன்னு போட்டிருக்கு. இங்கன மட்டும் வர்ணம் தடிப்பா இருக்கே சார்?"

"வயலு தண்ணி. அது மெல்லிசாத்தான் இருக்கும். வீடு சுவருல்லா?"

அந்தப் படம் மறுவாரம் பழைய ஆணிக்கே திரும்பிப் போனது. "இதுல முன்னால வாழைல்லா சார் நின்னுச்சு?" என்று தலைமையாசிரியை கேட்டாராம். "வாழை ஒரு தடவைதான டீச்சர் குலை தள்ளும். வெட்டியாச்சு" என்றாராம் சார்.

ஆனால் அந்தத் திங்கட்கிழமை ஆர்.ஐ. அவ்வளவு லேசில் விடவில்லை. படம் அத்தாட்சி ஆகாது, எழுத்தில் வேண்டும் என்றார். ஒரு தாளை எடுத்து நீட்டிக்கொண்டே, கெட்ட எண்ணம் எதுவும் இல்லாமல்தான் சொன்னார்:

"சார், விவரத்தைத் தெரிஞ்சிக்கிடுங்க. பட்டா இன்னும் உங்க அப்பா பேருலதான் இருக்கு. இவரு பத்திரம் ஆத்தோட போயாச்சு. எனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நீங்க சொன்னா எடம் உங்களுக்குத்தான். எழுதிக் குடுத்துட்டா அவ்வளவுதான்."

சார் தாளை வாங்கிக்கொண்டு வயலைப் பார்த்தார். வீடு இல்லை. பத்து வருடமாக அவர் வரைந்த காட்சி, ஒரு வாழை மரத்தைக்கூடச் சேர்க்கத் தேவையில்லாமல், அப்படியே எதிரில் கிடந்தது. அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குச் சாரின் மேல் நம்பிக்கை இல்லை. நான் அவர் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் படத்தை எடுத்து அப்பா கையில் கொடுத்துவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்து, தொடையில் தாளை வைத்து எழுதினார். பள்ளிக்கூட வாசலில் நல்வரவு எழுதுகிற அதே நிதானம்.

"நேருல பாத்தது உறுதிதான சார்?"

"சனிக்கெழம சனிக்கெழம அதைத்தான தம்பி பாத்தேன். அது எம்புட்டு அகலம், எம்புட்டு ஒசரம்னு தெரிஞ்சாத்தான அதை இல்லாம ஆக்க முடியும்?"

ஆர்.ஐ.க்கு ஒன்றும் புரியவில்லை. "பாத்தேன்னு எழுதுங்க, போதும்."

எழுதி முடித்த தாளை ஆர்.ஐ. என்னிடம் கொடுத்து அப்பாவுக்கு வாசித்துக் காட்டச் சொன்னார். மேற்படி ஐந்து சென்ட் நிலத்தை என் தகப்பனார் இவருக்கு விற்றார் என்பதும், அதில் இவர் கட்டிய ஓட்டு வீடு பத்து வருடம் இருந்தது என்பதும் எனக்கு நன்றாகத் தெரியும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார். நான் சத்தமாக வாசித்தேன். அப்பா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

ஆர்.ஐ. தாளைப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். சார் படத்தை வாங்கித் துண்டில் சுற்றினார். என்ன பேசுவது என்று தெரியாமல்தான் சார் அதை ஆரம்பித்திருக்க வேண்டும்.

"புது வீட்டுக்காவது வாசலை ஒழுங்கா வையும்வே. நல்ல வேலைக்காரருன்னு பேரு. பாதை ஆத்துப் பக்கம் கெடக்கு, நீரு வாசலை வயலைப் பாத்து வச்சீரு. உம்ம வீட்டுக்காரி பத்து வருசமா தண்ணிக் கொடத்தோட வீட்டைச் சுத்தி வந்துல்லா உள்ள போனா. எந்தக் கொத்தனாராவது இப்பிடிக் கெட்டுவானா?"

அப்பா வெட்கப்பட்டவர் மாதிரி சிரித்தார்.

"தெரியும் சார். நீங்க அங்கன உக்காந்து வரையுதது உண்டும்லா. வீட்டோட முதுகு தெரிஞ்சா மரியாதையா இருக்காதுன்னுதான், உங்களைப் பாத்து வச்சேன்."

சார் சைக்கிளை எடுத்தார். ஏறவில்லை. படத்தை ஒரு கையில் பிடித்தபடி, வாய்க்கால் கரை முடிகிற வரைக்கும் தள்ளிக்கொண்டே போனார்.